பங்காளிக் காடு

முதல் நாள்: அரிட்டாபட்டி

மார்கழியில் எங்கள் அச்சகத்துக்குக் கல்யாணப் பத்திரிகை வராது. காலண்டர் வேலையும் ஓரளவு ஓய்ந்திருக்கும். மெய்ப்புத் திருத்துகிறவனுக்குக் கேட்டவுடன் லீவு கிடைக்கும் மாதம் வருடத்தில் இது ஒன்றுதான். நாலு நாள் எடுத்திருக்கிறேன். காரணம், அடுத்த மேசைத் தம்பி. சாப்பாட்டு நேரத்தில் செல்போனில் புலிக்கும் சிங்கத்துக்கும் சண்டை மூட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது அவனுக்கு வழக்கம். சென்ற வாரம், "அண்ணே, சிறுத்தையும் செந்நாயும் மோதினால் யார் ஜெயிப்பார்கள்?" என்று கேட்டான். ஏதோ எரிச்சலில், "மோதவே மாட்டார்கள், போடா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது உண்மையா என்று உறுத்த ஆரம்பித்தது. இரை தேடித் தின்னும் பிராணிகள் ஒரே இடத்தில் எப்படிக் குடித்தனம் நடத்துகின்றன என்று மதுரையைச் சுற்றி நாலு இடத்தில் பார்த்துவிட்டு வரலாம் என்று மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டேன். மாப்பிள்ளை என் தங்கை கணவர், பேரையூர்ப் பக்கத்துக்காரர். பைக் அவருடையது. பைனாகுலர் இரவல்.

ஒத்தக்கடையில் டீ குடித்தபோது மணி நாலரை. அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் உட்கார்ந்தபோது இன்னும் விடியவில்லை. மதுரையிலிருந்து 25 கிலோமீட்டர்தான், ஆனால் குளிர் கொடைக்கானலை எட்டிப் பார்த்தது. ஏழு பாறைக் குன்றுகள், நடுவே நீர்நிலைகள். 72 ஏரிகள், 200 ஊற்றுகள் என்பது அரசுக் கணக்கு. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட 193.42 ஹெக்டேர் நிலம் இதுதான். டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊர் திரண்டதும், 2025 ஜனவரியில் அந்த ஏலம் ரத்தானதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. கழிஞ்சமலையில் தமிழி கல்வெட்டு இருக்கிறது, குடைவரைச் சிவன் கோயில் இருக்கிறது. இலகுலீசர் சிற்பத்தின் முன் கால் மணி நேரம் நின்றேன். அதை வேறொரு நாள் எழுதுகிறேன். வந்த காரியம் பாறை விளிம்பில் குடியிருப்பவர்களைப் பார்ப்பது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்று மூன்று வேட்டைப் பறவைகள் இந்த ஒரே ஊரில் இருக்கின்றன.

இருட்டில் முதலில் கேட்டது இந்த மூன்றில் எதுவும் இல்லை. பாறைக்கு மேலிருந்து பானைக்குள் ஊதியது போல ஒரு குரல். சற்று நிறுத்தி மறுபடி. கொம்பன் ஆந்தை. நாங்கள் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டு முறை கூப்பிட்டது. கிழக்கு வெளுத்ததும் அடங்கிவிட்டது. ஐரோப்பாவில் இதன் உறவுக்கார ஆந்தை, வல்லூறு தூங்கும்போது வந்து குஞ்சையும் தாயையும் தூக்கிக்கொண்டு போய்விடும். பகலில் வானத்தையே கிழிக்கிற பறவைக்கு ராத்திரியில் பக்கத்துப் பொந்துக்காரனைப் பார்த்து நடுக்கம்.

ஏழு மணிக்கு ஷாஹீன் வந்தது. உலகம் முழுவதும் பரவியிருக்கும் பெரெக்ரின் வல்லூறின் நம் நாட்டு வகை இது. காக்கை அளவுதான், ஆனால் தலைகீழாகப் பாயும்போது அந்த இனத்தின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். பாறையில் ஒரு நீட்டலில் உட்கார்ந்து, ராத்திரி அடித்ததோ விடியலில் அடித்ததோ, ஒரு மாடப்புறாவை உரித்துக்கொண்டிருந்தது. சாம்பல் இறகுகள் ஒவ்வொன்றாகக் காற்றில் இறங்கின. அந்தப் பாறையில் மழைக்கோடு போல வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. பல வருடக் குடியிருப்பு என்பதற்கு அதைவிடப் பட்டா தேவையில்லை.

அடுத்த குன்றுக்கு அப்பாலிருந்து போனெல்லிக் கழுகு வந்தது. வல்லூறைப் போல இரண்டு மடங்கு சிறகு. அது யாரையும் முறைக்கவில்லை. தன் வழியில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. பாறைக்கு நேராக வந்ததும் வல்லூறு புறாவை அப்படியே போட்டுவிட்டு எழுந்தது. மேலே ஏறியது, புள்ளியாகியது, விழுந்தது. கழுகின் முதுகுக்கு ஒரு முழம் மேலே வளைந்து மறுபடி ஏறியது. இரண்டாவது முறையும் அப்படியே. மூன்றாவது முறை கழுகு காற்றிலேயே மல்லாந்து இரண்டு காலையும் மேலே நீட்டியது. நகங்கள் வெயிலில் தெரிந்தன. அவ்வளவுதான். இருவர் மேலும் ஓர் இறகுகூட உதிரவில்லை. பருந்து தன் குன்றுப் பக்கம் திரும்பிவிட்டது. வல்லூறு தன் புறாவுக்குத் திரும்பியது.

மடைக்குத் தண்ணீர் திறக்க வந்த பெரியவர் நின்று எங்களைப் பார்த்தார், எங்களை விட்டு மேலே பார்த்தார். "தை மாதத்தில் இன்னும் அதிகமாக இருக்கும். முட்டை வைக்கிற நேரம்" என்றார். வல்லூறுக்குக் கூடு கட்டும் வழக்கம் இல்லை, வெறும் பாறைத் திட்டில் முட்டையிடும். கழுகு சுள்ளி அடுக்கும். இரண்டுக்கும் வேண்டியது எவனும் ஏற முடியாத, மழை அடிக்காத ஒரு திட்டு. அப்படிப்பட்ட திட்டுகள் ஏழு குன்றிலும் சேர்த்து எத்தனை இருந்துவிடப் போகின்றன? இரை விஷயத்தில் இவ்வளவு இழுபறி இல்லை. ஷாஹீன் பறக்கிற பறவையைப் பறக்கும்போதே அடிக்கிறது. கழுகுக்கு முயல், கௌதாரி. லகர், தரையை ஒட்டிப் பறந்து ஓணானையும் மைனாவையும் அணிலையும் பார்த்துக்கொள்கிறது. (லகரை இன்று பார்க்கவில்லை. மாப்பிள்ளை பார்த்ததாகச் சாதிக்கிறார். அது மாடப்புறா.) தட்டுகள் தனித்தனி, திண்ணைக்குத்தான் அடிதடி.

பெரியவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு தன் கதையைச் சொன்னார். அவருக்கும் சித்தப்பா மகனுக்கும் 18 வருடமாகப் பேச்சு இல்லை. ஒரே வாய்க்கால். சூரியன் அந்தப் புளியமரத்துக்கு மேல் வரும்வரை இவர் முறை, பிறகு அவர் முறை. "முறை தவறியது உண்டா?" என்று கேட்டேன். "தவறினால் பேச வேண்டி வந்துவிடுமே தம்பி" என்றார்.

நாளை சாப்டூர்ப் பக்கம்.

இரண்டாம் நாள்: சாப்டூர் அடிவாரம்

முதலில் ஒரு பிழைதிருத்தம். நேற்று ஓரிடத்தில் போனெல்லிக் கழுகைப் பருந்து என்று எழுதிவிட்டேன். ஊரார் பிழையைத் திருத்தியே வயிறு வளர்ப்பவனுக்கு இது வேண்டியதுதான். அதோடு இன்னொன்று. இனிமேல் நான் சிறுத்தை என்று எழுதுவது உடம்பெல்லாம் வளையம் வளையமாகப் புள்ளி கொண்ட, மரமேறுகிற நம் ஊர்ப் பிராணி. 2022இல் நமீபியாவிலிருந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டுக்கு விமானத்தில் வந்தது சிவிங்கிப்புலி. இரண்டும் வேறு. இந்தக் குழப்பத்தோடு மெய்ப்பு வரும்போதெல்லாம் என் சிவப்பு மை வீணாகிறது.

திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர், சாப்டூர். பேரையூர் தாண்டியதும் மேற்கே மலை சுவர் போல எழுந்து நிற்கிறது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் வருசநாடு, இன்னும் போனால் மேகமலை, அதற்கும் அப்பால் கேரளத்துப் பெரியாறு. 2021 பிப்ரவரியில் இந்த மலைத்தொடரை ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமாக அறிவித்தார்கள். நாட்டில் 51ஆவது, தமிழ்நாட்டில் ஐந்தாவது, பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். நம் வைகைக்குத் தண்ணீர் இந்தக் காட்டிலிருந்துதான் வருகிறது. மதுரைக்காரன் சித்திரைத் திருவிழாவில் ஆற்றைப் பார்க்கிறான். ஆறு புறப்படும் இடத்தில் புலி இருக்கிறது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

மாப்பிள்ளைக்குப் பெரியப்பா முறையான ஒருவர் அடிவாரத்தில் ஆட்டுக்கிடை போட்டிருக்கிறார். இன்றிரவு அங்கேதான் இருக்கிறோம். இதை எழுதுவது கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து. 110 வெள்ளாடு, 40 செம்மறி, இரண்டு நாய். பனைமட்டையும் முள்ளும் வைத்து அடைத்த பட்டி. காட்டிலிருந்து கல்லெறி தூரம் என்று சொன்னால் மிகையாகாது.

"இவ்வளவு பக்கத்தில் ஏன் ஐயா?" என்று கேட்டேன்.

"வேறு எங்கே போடுவது? நஞ்சையில் நெல் நிற்கிறது. புஞ்சையில் பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கிறது. அறுவடை முடிந்தால் வாருங்கள் ஐயா, வாருங்கள் என்று எருவுக்குக் கூப்பிடுவார்கள். அதுவரை எந்தக் காட்டுக்காரன் வரப்பில் கால் வைக்க விடுவான்?"

அதாவது மார்கழியில் ஆடு மலையோரத்துக்குத் தள்ளப்படுகிறது. சிறுத்தையும் மலையோரத்துக்குத் தள்ளப்படுகிறது. இரண்டாவதைத் தள்ளுவது யார் என்பதுதான் இன்று எழுத வேண்டிய விஷயம்.

புலி இருக்கும் காட்டில் சிறுத்தை குத்தகைக்காரன் மாதிரிதான் இருக்க முடியும். ஆண் புலி 200 கிலோவைத் தாண்டும், பெரிய ஆண் சிறுத்தை அதில் மூன்றில் ஒரு பங்கு. நேருக்கு நேர் அகப்பட்டுப் புலியிடம் செத்த சிறுத்தைகளை வனத்துறையினர் பல காடுகளில் எடுத்துப் புதைத்திருக்கிறார்கள். ஆனால் கொல்வது குறைவு. விலக்கி வைப்பதுதான் அதிகம். உத்தராகண்டில் ராஜாஜி பூங்காவின் சில்லாப் பகுதியில் இதை அளந்தே பார்த்தார்கள். அங்கிருந்த குஜ்ஜர் என்னும் மேய்ச்சல்காரர்களின் குடியிருப்புகள் இடம் மாறிய பிறகு புலி பெருகியது. 2004க்கும் 2008க்கும் நடுவே, 100 சதுர கிலோமீட்டருக்கு 9.76 ஆக இருந்த சிறுத்தை அடர்த்தி 2.07க்கு இறங்கியது. மிஞ்சிய சிறுத்தைகளின் தீனியில் ஆடுமாடும் சின்னப் பிராணிகளும் கூடின. புலி காட்டின் நடுவீட்டில் உட்கார்ந்துகொண்டால் சிறுத்தைக்குத் தாழ்வாரம்தான். தாழ்வாரத்துக்கு அடுத்து நம் பெரியவரின் பட்டி.

தமிழ்நாட்டில் 2006இல் 76 ஆக இருந்த புலி, 2022 கணக்கெடுப்பில் 306. அதே கணக்கெடுப்பில் சிறுத்தை 1,070. எண்ணிக்கையில் மூன்று மடங்குக்கு மேல் இருந்தும் ஒதுங்குவது சிறுத்தைதான். இதற்காகப் புலி வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. ஆனால் புலி பெருகிற செய்தியை இனிப்பு வழங்கிக் கொண்டாடுகிறபோது அடிவாரத்துக்காரனுக்கும் ஒரு மிட்டாய் அனுப்பலாம்.

இந்த மலையிலும் அதே கணக்கு என்று நான் அடித்துச் சொல்லவில்லை. பெரியவர் சொன்னதை எழுதுகிறேன். முன்பெல்லாம் வருடத்துக்கு ஓர் ஆடு, இரண்டு ஆடு போகும். இப்போது ஆட்டை விட நாய்தான் போகிறது. சத்தமில்லாமல் வந்து, காவலுக்குப் படுத்திருக்கும் நாயையே தூக்கிக்கொண்டு போய்விடுகிறது. "செத்த ஆட்டுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். நாய்க்கு எவனிடம் மனுக் கொடுப்பது?"

அதற்காக அவரே ஒன்று செய்து வைத்திருக்கிறார். செவலை நாயைக் கூப்பிட்டு அதன் கழுத்தைத் திருப்பி டார்ச் அடித்துக் காட்டினார். பழைய சைக்கிள் டயரை மூன்று விரல் அகலத்துக்கு வெட்டி, உட்பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஓர் அங்குல ஆணிகளை வரிசையாக அடித்திருக்கிறார். ஆணித் தலை நாயின் கழுத்தை உறுத்தாமல் இருக்க உள்ளே கோணிச் சாக்கு மடித்துத் தைத்திருக்கிறது. சிறுத்தை கழுத்தைத்தான் கவ்வும். கவ்வினால் வாயில் ஆணி ஏறும். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு ஆணி. நாய்க்கு அந்தப் பட்டையில் ஒரு பெருமை இருப்பது போலத்தான் தெரிந்தது. இன்னொரு நாய்க்கு ஏன் போடவில்லை என்று கேட்டேன். "அது கோழை. பட்டிக்கு நடுவில் ஆட்டோடு படுத்துக்கொள்ளும். அதை ஒன்றும் செய்யாது" என்றார்.

பொழுது சாய்கிற நேரத்தில் சரிவில் மந்திகள் கத்தின. ஓரிடத்தில் ஆரம்பித்து, ஐந்து நிமிடம் கழித்துக் கொஞ்சம் வடக்கே, பிறகு இன்னும் வடக்கே. கத்துகிற இடம் மட்டும் நகர்ந்துகொண்டே போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. யாரோ இருட்டுக்குள் விளக்கில்லாமல் நடந்துபோகும்போது தெருநாய்கள் ஒவ்வொரு வீடாகக் குரைப்பது போல. பெரியவர் பீடியை அணைத்துவிட்டு எண்ணினார். "ஓடைப் பக்கம் போகிறது. இன்றைக்கு இங்கே வராது" என்றார். மாப்பிள்ளை நிம்மதியாகத் தூங்கிவிட்டார். எனக்குத்தான் வரவில்லை.

மூன்றாம் நாள்: சதுரகிரி

பிரதோஷம். வத்திராயிருப்பு வழியாகத் தாணிப்பாறைக்கு வந்து வனத்துறை வாயிலில் பையைத் திறந்து காட்டிவிட்டு ஏறினோம். கூட்டம் நிறைய. வழுக்குப்பாறையைக் கடக்கும்போதே மாப்பிள்ளைக்கு மூச்சு வாங்கியது, பேச்சு நின்றது, எனக்கு நிம்மதி. ஏற நாலு மணி நேரம், இறங்க மூன்று.

பாதையில் வரும் பெயர்கள் சுவையானவை. சின்னப் பசுக்கிடை, பெரிய பசுக்கிடை. சாமி கதையிலும் மாடு மேய்க்கிறவர் வருகிறார். கிடை இருந்தது என்றால் கிடையைச் சுற்றி வந்தவையும் இருந்திருக்கும்.

எங்களோடு நடந்தவர் வேட்டைத் தடுப்புக் காவலராக வேலை பார்க்கும் பளியர் பழங்குடிக்காரர் ஒருவர். நாற்பது வயது இருக்கும். நான் அவரை "அண்ணே" என்றேன், அவர் என்னை "சார்" என்றார். எத்தனை முறை சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. நடக்கும்போது அவர் மரத்தைப் பார்ப்பதில்லை, தரையைத்தான் பார்க்கிறார். ஓரிடத்தில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மக்கள் போகாத கிளையில் பத்தடி உள்ளே கூட்டிப்போய்க் குச்சியால் காட்டினார். காய்ந்ததும் புதியதுமாக எச்சம், ஒன்பதோ பத்தோ, ஒரே இடத்தில். "செந்நாய். கூட்டமாக ஒரே இடத்தில்தான் போகும். முச்சந்தி பார்த்துத்தான் போகும். யார் எந்தப் பக்கம் வந்தாலும் மூக்கில் படட்டும் என்று." குச்சியால் ஒன்றை உடைத்தார். முரட்டு மயிர். மிளா, அதாவது கடமான்.

இருபதடி தள்ளி, பாதையோரக் கல்லின் மேல் ஒன்றே ஒன்று, தனியாக. அது சிறுத்தை. உடைத்ததில் மிளாவின் மயிர் இல்லை, மானின் மயிரும் இல்லை. கறுப்பும் வெள்ளையுமாக மெல்லிய மயிர். "ஆடு" என்றார். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் குனிந்து, பெரியப்பாவின் ஆட்டை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செந்நாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும், ஏனென்றால் இவ்வளவு அநியாயமாகப் பெயர் கெட்ட பிராணி வேறு இல்லை. 15 கிலோ, செம்பட்டை நிறம், கறுத்த குஞ்ச வால். குரைக்காது, விசிலடிக்கும். வெள்ளைக்காரன் காலத்தில் இதைக் கொன்று வாலைக் கொண்டுவந்தால் காசு கொடுத்தார்கள். மான் குறைகிறது, வேட்டைக்கு மிச்சமில்லை என்பது துரைமார்களின் குறை. அதாவது, வேட்டைக்காரனுக்கும் வேட்டை நாய்க்கும் போட்டி. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகுதான் அதற்கு உயிர்ப்பாதுகாப்பு. நாங்குநேரிக்காரரான ஏ.ஜே.டி. ஜான்சிங் சிவகாசிக் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். 1976 முதல் 1978 வரை கர்நாடகத்துப் பந்திப்பூர்க் காட்டில் செந்நாய்க் கூட்டத்தின் பின்னால் நடந்து நடந்து எழுதினார். இந்த மலையிலிருந்து பார்த்தால் தெரிகிற ஊரிலிருந்து புறப்பட்டுப்போன ஆள். 2024இல் காலமானார்.

அதே கர்நாடகத்தின் நாகரஹொளேக் காட்டில் ஆய்வாளர்கள் உல்லாஸ் கரந்தும் மெல் சன்குவிஸ்டும் புலி, சிறுத்தை, செந்நாய் மூன்றின் எச்சத்தையும், அவை அடித்த இரையையும் வைத்து 1995இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். புலி அடிக்கும் இரையின் சராசரி எடை 91.5 கிலோ. செந்நாய்க்கு 43.4, சிறுத்தைக்கு 37.6. புலிக்குக் காட்டுமாடும் பெரிய மிளாவும். கீழே இருக்கும் இருவரின் எண்ணைப் பாருங்கள், கிட்டத்தட்ட ஒரே தட்டு. இரண்டுக்கும் புள்ளிமான் வேண்டும். அப்படியானால் இவர்களுக்குள்தான் வெட்டுக்குத்து நடக்க வேண்டும். நடக்காமல் தப்புவது கடிகாரத்தால். செந்நாய் பகல் பிராணி, காலையும் மாலையும் வேட்டை. சிறுத்தை பெரும்பாலும் இருட்டுக்காரன். அரிட்டாபட்டிப் பெரியவரின் புளியமரத்து நிழல் இங்கேயும் விழுகிறது. இரை தாராளமாக உள்ள காட்டில் இந்த முறை ஓடும். மான் குறைந்துபோன காட்டில் முறைத்தண்ணீர் தகராறு மாதிரிதான்.

கோரக்கர் குகைக்கு மேலே ஒரு நிழலில் உட்கார்ந்தபோது தம்பியின் கேள்வியைக் காவலரிடம் கேட்டேவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பார்த்திருக்கிறாராம். காலை நேரம். மருத மரத்தில் சிறுத்தை. கீழே ஏழு செந்நாய். கிளைக்குக் கீழே பாதி தின்ற ஒரு மான். சிறுத்தை அடித்தது, நாய்கள் வந்து பிடுங்கிக்கொண்டன. ஒரு நாய் மட்டும் மரத்தடியில் உட்கார்ந்து மேலேயே பார்த்துக்கொண்டிருக்க, மற்றவை தின்றன. பிறகு இன்னொன்று வந்து காவலை மாற்றிக்கொண்டது. உச்சிவேளை வரை இவரும் பாறை மறைவில் படுத்திருந்தார்.

"கடைசியில்?"

"தின்று முடிந்தது, விசிலடித்துக்கொண்டே போய்விட்டன சார். அது இறங்கி வந்து எலும்பை மோந்து பார்த்தது. இந்தப் பக்கம் போகாமல் அந்தப் பக்கம் போனது."

"அவ்வளவுதானா?"

"வேறென்ன சார்? அதற்கும் பிழைக்க வேண்டுமே. காலில் ஒரு கடி பட்டால் நாளைக்கு எப்படி மான் பிடிக்கும்?"

தனியாக வேட்டையாடுகிறவனுக்கு மருத்துவ லீவு கிடையாது. காயம் பட்ட செந்நாய்க்குக் கூட்டம் இருக்கிறது. சிறுத்தைக்கு யார் சோறு போடுவார்கள்? நான் தம்பிக்குச் சொன்ன பதில் பாதிதான் சரி. பெரும்பாலும் மோதுவதில்லை என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் மரத்தில் உட்கார்ந்து பசியோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மேலே சுந்தரமகாலிங்கத்தைத் தரிசித்தோம். அன்னதானத்தில் சாம்பார் சாதம். நன்றாக இருந்தது, பசியும் இருந்தது. இறங்கும்போது ஒரு விசில் கேட்டது, தூரத்தில், பள்ளத்திலிருந்து. செந்நாய் என்று நான் சொல்ல, காவலர் பின்னால் கைகாட்டினார். பக்தர் ஒருவர் தன் கூட்டத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காம் நாள்: சாமநத்தம் கண்மாய்

மாப்பிள்ளை ஊரிலேயே தங்கிவிட்டார். கால் வலியாம். நான் மட்டும் முதல் பஸ்ஸில் மதுரை வந்து, வீட்டில் குளித்துவிட்டு, சாயங்காலம் சாமநத்தம் கண்மாய்க்குப் போனேன். வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். புலியும் இல்லை, மலையும் இல்லை. கருவேல மரங்களில் கூழைக்கடாவும் நீர்க்காகமும். பின்னால் நகரத்தின் குப்பை வாடை.

இங்கே திருட்டுதான் தொழில். விராலடிப்பான் என்னும் மீன்பிடிப் பறவை ஒன்று கண்மாய்க்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, காலை நீட்டிக்கொண்டு விழுந்து, ஒரு முழ மீனோடு எழுந்தது. பனிக்காலத்துக்கு எங்கோ வடக்கிலிருந்து வருகிற விருந்தாளி. கரைப் பனையில் சும்மா உட்கார்ந்திருந்த செம்பருந்து இரண்டும் அப்போதுதான் புறப்பட்டன. மேலேயும் கீழேயுமாகத் துரத்தி, கத்தி, வழிமறித்து, நான் சுண்டல் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் மீன் கைமாறிவிட்டது. சரியாகச் சொன்னால் மீன் தண்ணீரில் விழுந்தது, யாருக்கும் கிடைக்கவில்லை. விராலடிப்பான் இன்னொரு சுற்றுக்குப் போனது. செம்பருந்தைக் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிடுகிற ஊரில் இதைச் சொன்னால் அடி விழும்.

இருட்டும் நேரத்தில் சீமைக்கருவேல மறைவிலிருந்து நரி ஊளையிட்டது. மதுரைக்காரனுக்கு நரி என்றால் மாணிக்கவாசகர். பாண்டியன் பணத்தில் குதிரை வாங்கவில்லை. சொக்கர் நரியைப் பரியாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினார். ஆவணி மூலத்தில் இன்றும் அந்த லீலை நடக்கிறது. பாதி ராத்திரியில் என்ன ஆனது என்பதுதான் எனக்கு எப்போதும் பிடித்த பகுதி. பரியெல்லாம் நரியாகி, லாயத்திலிருந்த பழைய குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடின. ஒரே கொட்டடியில் இரண்டு ஜாதி பிராணியைக் கட்டினால் என்ன ஆகும் என்று நம் முன்னோர்களுக்குத் தெரியாமல் இல்லை.

இப்போது குதறப்படுவது நரிதான். ஊளை இரண்டாவது முறை எழுந்ததும் குப்பை மேட்டிலிருந்து நாய்கள் பதில் சொல்லின. பத்துப் பதினைந்து இருக்கும். பிறகு நரியின் சத்தம் இல்லை. நாய்க்குக் குப்பையில் சோறு. அதனால் காட்டுப் பிராணி மாதிரிப் பசியால் எண்ணிக்கை குறையாது. வயிறு நிறைந்த பிறகும் துரத்தும், கடிக்கும், நோயும் கொடுக்கும். வெறிநோயைச் சொல்லவே வேண்டாம். 2018இல் குஜராத்தின் கிர் காட்டில் சில வாரங்களுக்குள் இருபதுக்கு மேற்பட்ட சிங்கங்கள் செத்தன. அவற்றில் பலவற்றைத் தாக்கியது நாய்களுக்கு வரும் டிஸ்டெம்பர் வைரஸ். ஆசியச் சிங்கத்துக்கு உலகத்தில் இருக்கும் முக்கியப் புகலிடத்தில் இது நடந்தது. புலியையும் சிறுத்தையையும் செந்நாயையும் போல முறை வைத்துக்கொள்ள நாய்க்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியத்தை நாம் வைக்கவில்லை.

கரையை விட்டு இறங்கி சைக்கிள் பூட்டைத் திறக்கும்போது மாப்பிள்ளையின் போன்.

"மச்சான், நேற்று ராத்திரி வந்துவிட்டது."

"ஆடா, நாயா?"

"செவலை. பட்டிக்கு வெளியே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பெரியப்பா டார்ச்சோடு கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார். விட்டுவிட்டுப் போய்விட்டதாம்."

"நாய்?"

"இருக்கிறது. ஒரு காது இல்லை. பட்டையில் மூன்று ஆணி வளைந்திருக்கிறது, ஓர் ஆணியைக் காணவில்லை."

அந்த ஆணி எங்கே இருக்கும் என்று இருவருமே பேசவில்லை. கிடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். காலையிலேயே பிரித்துவிட்டாராம். பனைமட்டையை எல்லாம் வண்டியில் ஏற்றி, ரோட்டுக்கு இந்தப் பக்கம், யாரோ ஒருவரின் பருத்திக்காட்டு ஓரத்தில், அறுவடை வரைக்கும் ஆடு வரப்புத் தாண்டாது என்று கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்துவிட்டுப் போட்டிருக்கிறார்.